பலகை நடந்த தூரம்

அழகரத்தினம் யாரையும் இலேசில் நம்புகிற ஆள் இல்லை. டென்மார்க்கின் பிராண்டேக்கு வந்து முப்பத்தேழு வருடமாகியும், கொம்யூன் என்கிற நகரசபையிலிருந்து ஏதாவது கடிதம் வந்தால் முதலில் மனைவி மனோரஞ்சிதத்தை வாசிக்க விடுவார். அவளுடைய முகம் மாறுகிறதா என்று பார்ப்பார். மாறாவிட்டால்தான் விஷயத்தைக் கேட்பார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். காற்றாலைக்கு இறக்கை செய்கிற இடத்தில் இருபத்தெட்டு வருடம் பிசின் தடவினார். சனி ஞாயிறுகளில் கமராவைத் தூக்கிக்கொண்டு தமிழ்ச் சனத்தின் கலியாணம், சாமத்திய வீடு, ஞானஸ்நானம் என்று ஒன்றுவிடாமல் படம் பிடித்தார். மேற்கே எஸ்பியர்க் வரைக்கும் அவர் பிடித்த படம் மாட்டாத தமிழ் வீடு குறைவு.

இப்போது யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. வயது எழுபத்திரண்டு. இந்தக் காலத்துப் பெடியள் ட்ரோன் பறக்க விடுகிறார்கள். "இலையானை விட்டுப் படம் பிடிக்கிறாங்கள்" என்பார் அழகரத்தினம், ஈயை விரட்டுகிற மாதிரிக் கையை வீசிக்கொண்டு.

அப்படி இருக்கையில்தான், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நிரஞ்சலா வந்து கதவைத் தட்டினாள். ஓல்போர்க் பல்கலைக்கழகத்தில் மண்ணையும் தண்ணீரையும் பற்றி ஆராய்கிறவள். முப்பது வயது இருக்கும். அவளுடைய தாய் தகப்பனுக்கும் கலியாணப் படம் பிடித்தவர் இவர்தான்.

"மாமா, உங்கட பழைய நெகட்டிவ் எல்லாம் இருக்கோ?"

"ஆர் அனுப்பினது உன்னை?"

"ஒருத்தரும் அனுப்பேல்ல. பாலைவனக் குளத்தின்ர சரித்திரத்தைப் படத்தால சொல்லப் போறன். வருசம் வருசமா அது எப்பிடி மாறினது எண்டு."

பாலைவனக் குளம் என்பது எங்கள் சனம் வைத்த பெயர். பிராண்டேயிலிருந்து அரை மணி நேரக் கார் ஓட்டம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் டெனிஷ்காரர் அங்கே பழுப்பு நிலக்கரி தோண்டினார்கள். தோண்டிய மணலை மலை மலையாகக் கொட்டினார்கள். கரி முடிந்ததும் தண்ணீர் இறைக்கிற இயந்திரங்களை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். பள்ளத்தில் தண்ணீர் ஊறிக் குளமானது. சுற்றிவர வெள்ளை மணல். ஒரு புல் கிடையாது. நடுவில் நீலக் கண்ணாடி போலத் தண்ணீர். எண்பத்தெட்டில் அகதியாக வந்த சனம் அதைக் கண்டதும் விட்டார்களா? அங்கே நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். டென்மார்க்கில் இப்படியும் ஒரு கடற்கரையா என்று ஊரில் வாயைப் பிளந்தார்கள். அன்றிலிருந்து எந்த நல்ல காரியம் என்றாலும் மறுநாள் குளத்தடியில் படம் எடுக்காவிட்டால் அந்தக் காரியம் முடிந்ததாகக் கணக்கில்லை.

"டெனிஷ் ஆக்கள் அந்தப் பக்கமே போறேல்ல மாமா. பேப்பர்க்காரரிட்ட மொத்தம் அஞ்சு படம்தான் கிடக்கு. எங்கட ஆக்களின்ர அல்பத்துக்குள்ளதான் அந்தக் குளம் முழுக்க இருக்கு. பொம்பிளை மாப்பிள்ளைக்குப் பின்னால."

"அப்ப எனக்கு வேலை, பொம்பிளைக்குப் பின்னால நிண்டதைப் படம் பிடிச்சது. அப்பிடியோ?"

நிரஞ்சலா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"அந்தத் தண்ணி ஏன் அவ்வளவு வடிவா இருக்குது தெரியுமோ? முழுக்க அசிட். அதுக்குள்ள உயிர் எண்டு ஒண்டும் இல்லை. பாசிகூட இல்லை. அதுதான் கண்ணாடி."

அது அவருக்குத் தெரியாமலில்லை. மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்தவர். முதல்நாள் போனபோதே, ஒரு கொக்கு இல்லை, ஒரு மீன் துள்ளவில்லை என்று கண்டுகொண்டார். ஆனால் படம் நன்றாக வந்தது. அதனால் வாயைத் திறக்கவில்லை.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்று கதவைச் சாத்தினார்.

யோசிப்பதற்குக் காரணம் இருந்தது. அவருடைய நெகட்டிவ்கள் எல்லாம் ஐஸ்கிரீம் பெட்டிகளில், குடும்பத்தின் பெயரும் வருடமும் எழுதி அடுக்கியிருந்தன. அவற்றில் யாருக்கும் காட்டாத ஒரு படம் ஒவ்வொரு சுருளிலும் இருந்தது. முதலாவது படம்.

குளத்தடியில் ஒரு பலகை நின்றது. காணிக்குச் சொந்தக்காரரான கிழட்டு டெனிஷ்காரர் நட்டது. வெள்ளைப் பலகை. அதில் ஒரு மனிதன் மண்ணோடு சரிந்து விழுகிற படம். கீழே சிவப்பில் 'லிவ்ஸ்ஃபாரெ'. உயிருக்கு ஆபத்து, இதற்கு அப்பால் போகாதே என்று அர்த்தம். அழகரத்தினத்திடம் வெளிச்சம் அளக்கிற கருவி இருக்கவில்லை. வெள்ளை மணலில் வெளிச்சம் கண்ணை ஏமாற்றும். அதனால் அந்தப் பலகைக்குக் கமராவைப் பிடித்து, அதன் வெள்ளை சரியாக வருகிற மாதிரி முடுக்கி, ஒரு படம் எடுத்துக்கொள்வார். அதன் பிறகு பலகையைப் பிடுங்கி மணலில் படுக்கப் போடுவார்கள். நல்ல காரியத்துப் படத்தில் சாவைப் பற்றிய பலகை நிற்கலாமா? முதன்முதலில் அதைப் பிடுங்கச் சொன்னது ஜீவரட்ணம், தொண்ணூற்றொன்றில், கிருபாமலரைக் கட்டிய தன்னுடைய சொந்தக் கலியாணத்தின்போது. பெந்தெகொஸ்தே சபைக்காரன், சகுனம் பார்க்கமாட்டான். என்றாலும், "அண்ணை, அந்தச் சனியனைப் பிடுங்குங்கோ, கிருபாமலர் முகம் கோணுறா" என்றான். அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. பிடுங்க ஆள் ஓடி வரும். மாப்பிள்ளைத் தோழன், பெண்ணின் மாமன், யாராவது.

திரும்ப நடுகிற நேரத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். எல்லோரும் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். நடுகிறது அழகரத்தினம் மட்டும். மனோரஞ்சிதம் காருக்குள் இருந்து, கெதியாக வாங்கோ என்று ஹோர்ன் அடிப்பாள்.

வியாழக்கிழமை பின்னேரம் அவர் முதலாவது படங்களை மட்டும், வருடத்துக்கு ஒன்றாக வெட்டியெடுத்து, பல்கனிக் கண்ணாடியில் வருட வரிசையில் டேப் போட்டு ஒட்டினார். பத்தொன்பது துண்டு. பூதக்கண்ணாடியைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

குளத்தடியில் அசையாத பொருள் ஒன்று இருந்தது. கரி தோண்டிய இயந்திரம் நின்ற கொங்கிறீற்றுக் கட்டை. ஒரு லொறி அளவு. முதல் துண்டில் பலகை கட்டைக்கு இந்தப் பக்கம், வீதிப் பக்கம், வெகு தூரத்தில் நின்றது. தொண்ணூற்று நாலில் கொஞ்சம் கிட்ட. தொண்ணூற்று எட்டில் கட்டையும் பலகையும் பக்கத்துக்குப் பக்கம். இரண்டாயிரத்து மூன்றில் பலகை கட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றது. கடைசித் துண்டில் பலகைக்குப் பின்னால் மணலே இல்லை. தண்ணீர்தான்.

அவருக்கு நினைவு வந்தது. மிதிபட்ட காய்ந்த மணலில் பழைய குழி தூர்ந்துபோய்க் கிடக்கும். பலகையின் மரக்காலை ஊன்றினால் நிற்காது, சரியும். தண்ணீர்ப் பக்கமாக இரண்டு எட்டு, மூன்று எட்டு வைத்தால் மணல் ஈரம். அங்கே கால் வெண்ணெய்க்குள் போகிறமாதிரி இறங்கும், இறுக்கமாக நிற்கும். வேலை சுலபம். ஒவ்வொரு தடவையும் மூன்று எட்டு. ஒரு வருடத்தில் ஒன்று, இரண்டு விசேஷம். அவர் பலகையைத் தண்ணீருக்கு நடத்திக்கொண்டு போயிருக்கிறார். தண்ணீரும் சும்மா இருக்கவில்லை. கரையைத் தின்றுகொண்டு பலகைக்கு வந்திருக்கிறது.

கிழவர் செத்த பிறகு காணியை வாங்கியவர் உக்கிய மரக்காலை எடுத்துவிட்டு, அதே குழியில் இரும்புக் கால் இறக்கிக் கொங்கிறீற்று ஊற்றினார். அது பிடுங்க முடியாதது. பலகைக்கு இந்தப் பக்கம் பயமில்லை என்று சனம் இப்போது காரையே அந்தக் கட்டையடிவரை கொண்டுபோய் விடுகிறது. சட்டத்தை மதிக்கிற சனம்.

மனோரஞ்சிதம் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து நின்றாள்.

"என்ன இது, கோயில் மாதிரி ஒட்டி வச்சிருக்கிறியள்?"

அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பலகை, பலகை, பலகை. அவள் நான்காவது துண்டில் விளங்கிக்கொண்டாள். கோப்பையை நிலத்தில் வைத்தாள்.

"நாளைக்குக் கழிச்சு நவோமியின்ர படம் அங்க."

"தெரியும்."

நவோமி ஜீவரட்ணத்தின் மகள். வெள்ளிக்கிழமை கலியாணம். சனிக்கிழமை குளத்தடியில் படம்.

"சொல்லப் போறியளோ?"

"என்னெண்டு சொல்லுறது? முப்பது வருசமா உங்கட பிள்ளையளை எல்லாம் நான் சாவுக்கு மேல நிறுத்திப் படம் பிடிச்சனான் எண்டோ? வீட்டு வீட்டுக்குச் சுவரில கிடக்கிற படத்தைக் கழட்டி எறிவாங்கள்."

"எறியட்டும்."

"உனக்கென்ன, லேசாச் சொல்லிப்போட்டாய்."

அவர் நிரஞ்சலாவுக்குத் தொலைபேசி எடுத்தார். பலகையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "அந்த மணல் விழுமோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஏன் மாமா திடீரெண்டு?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"சீனியைக் குவிச்சு வச்சு அடியில தேத்தண்ணி ஊத்தினா மேல ஒண்டும் தெரியாது. பிறகு ஒரு நேரம் ஆரோ மேசையைத் தட்டுவினம். அவ்வளவுதான். இந்த மாரிக்கு மழையும் கூட, உள்ளுக்குத் தண்ணி நல்லா ஏறியிருக்கு. பலகைக்கு அங்கால ஒருத்தரும் போகக் கூடாது."

"இஞ்சால?"

"இஞ்சால பயமில்லை. பலகையை ஒரு எஞ்சினியர் அளந்துதானே வச்சிருப்பார்."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சபை மண்டபத்தில், சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில் ஜீவரட்ணத்தை ஓரமாகக் கூப்பிட்டார். பாதி உண்மை போதும் என்று நினைத்தார்.

"தம்பி, நாளைக்குக் குளத்தடி வேண்டாம். வேற இடம் பாருங்கோ. மண் சரியில்லை."

ஜீவரட்ணம் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே அவரை மேலும் கீழும் பார்த்தான். "படத்துக்கு உங்களைக் கூப்பிடேல்ல எண்டு கோவமோ அண்ணை?"

"எனக்கு ஒரு கோவமும் இல்லை. மண் சரியில்லை எண்டுறன்."

"போன வருசம் ஹோல் சரியில்லை எண்டீங்கள். கோழி சரியில்லை எண்டீங்கள். பாஸ்டர் சரியில்லை எண்டீங்கள். உங்களுக்கு வெடிங் கேக்கிலயும் மண் கடிபடும்." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "சாப்பிட்டிட்டுப் போங்கோ அண்ணை. ஆட்டிறைச்சி நல்லா இருக்கு, அதுக்காவது குறை சொல்லாமச் சாப்பிடுங்கோ."

ஒருவரையும் நம்பாதவன் பேச்சை ஒருவரும் நம்பவில்லை. அதில் குறைசொல்ல அவருக்கு என்ன இருக்கிறது?

சனிக்கிழமை காலையில் மறுபடியும் நிரஞ்சலாவைக் கூப்பிட்டார். இந்தமுறை பலகை நடந்த கதையை ஒரே மூச்சில் சொன்னார். 

"மாமா, எத்தினை மீட்டர்?"

"ஐம்பது. கூடவும் இருக்கும்."

"வெளிக்கிட்டு வாறன். ஒண்டரை மணித்தியாலம் ஆகும். நீங்கள் முன்னுக்குப் போய் அவையளை நிப்பாட்டுங்கோ."

பத்தொன்பது துண்டையும் ஒரு கடித உறைக்குள் போட்டு, உறையில் வருடங்களை எழுதிக்கொண்டு அவர் காரை எடுத்தார். மனோரஞ்சிதமும் ஏறிக்கொண்டாள். கண்ணாடி துடைக்கிற கம்பி கீச்சிட்டுக்கொண்டிருந்தது. மழை இல்லை, காற்றில் ஈரம் மட்டும். அவர் காரைத் தார் வீதியிலேயே நிறுத்திவிட்டு மணலில் நடந்தார். இவ்வளவு காலத்தில் முதல் தடவையாக, காலை எடுத்து வைக்குமுன் நிலத்தைப் பார்த்தார்.

ஜீவரட்ணம் வீட்டார் கேக் வெட்டும் மேசை, பூ வளையம் எல்லாம் கட்டி மிச்ச வேலை பார்த்துக்கொண்டு இருந்ததால் நேரம் கிடைத்தது. தனியாகச் சொன்னால் நேற்றுப் போலச் சிரிப்பார்கள் என்று அவர் நிரஞ்சலாவுக்காகக் காத்து நின்றார். நிரஞ்சலாவின் கார் வந்து நிற்கவும் வந்திருந்த பதினைந்து பேரும் வரிசைக்கு நிற்கவும் சரியாக இருந்தது. பூ வளையத்தால் மறைத்த இரும்புப் பலகைக்கு முன்னால் நவோமி வெள்ளை உடுப்பில் நின்றாள். பின்னால் நீலத் தண்ணீர். எஸ்பியர்க்கிலிருந்து படம் பிடிக்க வந்த ரஜிதன் ட்ரோனை மேலே ஏற்றியிருந்தான். ரிப்பன் கட்டிய மூன்று கார்கள் கொங்கிறீற்றுக் கட்டைக்குக் கிட்ட நின்றன. அந்தக் கட்டை ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை அழகரத்தினம் அப்போதுதான் கண்டார்.

"அங்கிள், ஃபிரேமுக்குள்ள நிக்கிறீங்கள்" என்றான் ரஜிதன்.

"நிப்பன்" என்றார். "எல்லாரும் இஞ்சால வாங்கோ. கேளுங்கோ. இந்தப் பலகை இஞ்ச இருந்ததில்லை. நான்தான் கொண்டுவந்து நட்டனான்."

ஒருவரும் அசையவில்லை.

"ஒவ்வொருத்தற்ற படத்துக்கும் பிடுங்கினனாங்கள். திரும்ப நட்டது நான். பழைய இடத்தில நடேல்ல. ஈரம் பார்த்துப் பார்த்து, லேசா இறங்குற இடத்தில நட்டனான். முதல் நிண்ட இடம் அங்க." கையைத் தூக்கிக் கார்களுக்கும் பின்னால் காட்டினார். "இந்தா, படம். முதல் படம் எல்லாத்திலயும் இருக்கு."

ஜீவரட்ணம் வந்து உறையை வாங்கினான். ஒரு துண்டை வானத்துக்குப் பிடித்துப் பார்த்தான். இன்னொன்று. உறையில் எழுதியிருந்த வருடங்களைப் பார்த்தான். கை நின்றது.

"தொண்ணூற்றொம்பதில நவோமிக்கு நாலு மாசம்" என்றான். "இந்தக் கரையில, துணி விரிச்சுக் கிடத்தினீங்கள்."

"ஓம்."

"தெரிஞ்சோ?"

"தெரியாது. யோசிக்கேல்ல."

"யோசிக்கேல்ல." ஜீவரட்ணம் அதைத் திருப்பிச் சொன்னான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாயிருக்கும். "வாங்கோ எல்லாரும். கார்ப் பக்கம் போவம்."

கூட்டம் மெல்ல நகர்ந்து கார்களடிக்கு வந்தது. சிலர் முணுமுணுத்தார்கள். கிருபாமலர் அழகரத்தினத்தைத் தாண்டும்போது சேலையை ஒதுக்கிக்கொண்டு போனாள். முடிந்தது என்று அவர் நினைத்தார். என்னைத் திட்டட்டும், ஆனால் முடிந்தது.

அப்போது ரஜிதன், "இதென்ன கோடு?" என்றான்.

ட்ரோன் இன்னமும் மேலேதான் நின்றது. அவன் கையில் இருந்த சின்னத் திரையில் முழுக் குளமும் தெரிந்தது. நிரஞ்சலா எட்டிப் பார்த்தாள். வெள்ளை மணலில் மயிர் விழுந்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று. குளத்தின் ஒரு மூலையில் தொடங்கி, வளைந்து, கட்டையைச் சுற்றி, கார்களைச் சுற்றி, மற்ற மூலைக்குப் போனது. அவர்கள் எல்லோரும் அதற்கு உள்ளே நின்றார்கள். அழகரத்தினம் கையால் காட்டிய பழைய இடமும் உள்ளேதான்.

ஜீவரட்ணம் கார்க் கதவைத் திறக்கப் போனான்.

"நை! வேண்டாம் அங்கிள், கார் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." நிரஞ்சலா கையை விரித்து மறித்தாள். "ஓடவும் வேண்டாம். ஒவ்வொருத்தரா நடவுங்கோ. தள்ளித் தள்ளி. ரோட்டுக்கு."

பிள்ளையைத் தூக்கியிருந்த ஒருத்தி முதலில் போனாள். பிறகு கிருபாமலர். நவோமி சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, வெள்ளை உடுப்பைக் கக்கத்தில் சுருட்டிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். ஒருவர் கோட்டைக் கடக்கும்வரை மற்றவர் மூச்சுக்கூடப் பலமாக விடவில்லை. அழகரத்தினம் ஒரு எட்டு வைத்தார்.

"நீங்கள் கடைசியா வாங்கோ, அண்ணை" என்றான் ஜீவரட்ணம்.

அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அவர் நின்றார். மனோரஞ்சிதம் அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ போ."

"ஹோர்ன் அடிச்சது ஆர்? நானும் நிக்கிறன்."

"விசர்க் கதை கதையாத. போ எண்டுறன்."

நிரஞ்சலா வந்து அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பிறகு ரஜிதன். பிறகு ஜீவரட்ணம். கடைசியாக அழகரத்தினம். கோடு கிட்ட வந்தபோது பார்த்தார். விரல் நுழைகிற அகலம். அதற்குள்ளிருந்து குளிர்ந்த காற்று காலில் பட்டது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் முகத்தில் அடிக்குமே, அந்தக் காற்று. தாண்டினார்.

தார் வீதியில் எல்லோரும் நின்றார்கள். அவரைச் சுற்றி ஒரு வட்டம் விட்டு நின்றார்கள். நிரஞ்சலா அவசர இலக்கத்துக்கு டெனிஷில் பேசிக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் போனது. குளம் அப்படியே இருந்தது. நீலமாக, ஒரு சுருக்கம் இல்லாமல்.

"ஒண்டும் விழேல்லையே" என்றான் ஜீவரட்ணம், யாருக்கென்று இல்லாமல்.

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒவ்வொருவராகத் தொற்றுவதை அழகரத்தினம் கேட்டார். விழுந்துவிடக்கூடாதா என்று ஒரு எண்ணம் அவருக்குள் எழுந்தது. அது எழுந்தது தெரிந்ததும் உடம்பு கூசியது.

"கார்த் திறப்பு என்னட்டத்தானே கிடக்கு. ஓடிப்போய் ஒரு காரையாவது எடுத்துக்கொண்டு வாறன்" என்று ஜீவரட்ணம் வீதியை விட்டு இறங்கினான். அழகரத்தினம் பாய்ந்து அவனுடைய கோட்டைப் பின்னால் பிடித்தார். பொத்தான் அறுந்து விழுந்தது.

"விடுங்கோ அண்ணை."

"விடமாட்டன். அடிக்கிறதெண்டா அடி."

ஜீவரட்ணம் கையை ஓங்கினான். அந்த நேரம் அங்கே மணலில், யாரும் தொடாமல், நடுவில் நின்ற காரின் அலாரம் அடிக்கத் தொடங்கியது. விளக்குகள் மினுங்கின. ரிப்பன் கட்டிய முன்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.

ஓங்கிய கை கீழே வந்தது. ஜீவரட்ணம் நின்ற இடத்திலிருந்தே திறப்பை நீட்டி அமத்தினான். அலாரம் நின்றது.

அது நின்ற பிறகுதான் மணலுக்கு அடியிலிருந்து மற்றச் சத்தம் கேட்டது.